இருபத்தாறு கவலையும் ஒரு வயிறும்

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில், யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் முதலில் பானுமதியிடம் போய்ச் சொல்வார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். பானுமதி தூங்க மாட்டாள். ஏற்பாடு அவ்வளவுதான். பதினைந்து வருஷமாக இது நடந்தது. ஒருத்தருக்கும் இதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. பானுமதிக்கே தெரியவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பிரயோஜனம்!

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து, ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டும் ராஜ்மோகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். பிள்ளை இல்லை. “உனக்கென்னா பானு, கவலப்படறதுக்கு ஆளா இருக்குது?” என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சொன்னார்கள். சொன்னதோடு நின்றார்களா? இடம் காலியாகக் கிடக்கிறதே என்று தங்கள் வீட்டுக் கவலையை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதலில் இறக்கியவள் பக்கத்து வீட்டுத் திரௌபதி. அவள் மகன் பாரி முதல்முறை துபாய்க்கு விமானம் ஏறிய அன்று, தலைவிரிகோலமாக ஓடிவந்து அழுதாள். பானுமதிக்கு மனசு கேட்கவில்லை. “நீ போய்ப் படுக்கா. பிளைட்ட நான் பாத்துக்கறேன்” என்றாள்.

விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு அரபிக்கடலுக்கு மேலே போகிற விமானத்தை ஒருத்தி எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று திரௌபதி கேட்கவில்லை. படுத்தாள், குறட்டை விட்டாள். பானுமதி வாசலில் உட்கார்ந்து, இறக்கை உடைவதையும் தீப்பிடிப்பதையும் டிரைவர் கண்ணயர்வதையும் வரிசையாக நினைத்து நினைத்துப் பதறினாள். விமானம் பத்திரமாக இறங்கித் தொலைத்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. பானுமதி கவலைப்பட்டால் காரியம் கெடாது என்று தெரு முடிவு கட்டிவிட்டது.

அப்புறம் கேட்பானேன். பரீட்சை எழுதுகிற பிள்ளை, பெண் கிடைக்காத வழுக்கைத் தலை மாப்பிள்ளை, தண்டவாளத்தைத் தாண்டி மேயப்போகும் மாடு, எல்லாம் அவள் பொறுப்பு. வேலை பார்த்த இடத்திலும் விட்டார்களா? அவளுக்குக் கோவிந்தசாமியின் சின்ன பீங்கான் கம்பெனியில் செக்கிங் வேலை. மீட்டர் பெட்டியில் மாட்டுகிற ஃபியூஸ் கட்டைகள் சூளையில் வெந்து வந்ததும், இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பாள். கிண்ணென்று கேட்டால் நல்லது. டொக்கென்றால் உள்ளே விரிசல், தூக்கி எறிய வேண்டியதுதான். அவள் காதுக்குத் தப்பி ஒரு விரிசல் போனதில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவளுக்கு அந்த வேலை தோதாக அமைந்துவிட்டது. சூளை எரிகிற நாளில் கோவிந்தசாமி செக்கிங்கை நிறுத்திவிட்டு, சூளைக்கு எதிரே அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிடுவார். “பானும்மா, நீ ஒக்காந்து கவலப்படு. நான் செத்த கண்ண மூடறேன்” என்று ஆபீஸ் ரூமுக்குள் போய்விடுவார். சம்பளத்தோடு கவலைப்பட்ட ஒரே ஆள் ஜில்லாவிலேயே அவளாகத்தான் இருக்கும்.

இந்த வருஷம் தை மாதத்தில் அவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. முதலில் மோர் குடித்தாள். பிறகு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ரோஸ் கலர் மருந்து குடித்தாள். மாசியில் சோறு இறங்கவில்லை, உடம்பு பாதியாகிவிட்டது. டாக்டர் டியூப் விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். டாக்டர்கள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டால் நாம் சொந்தக்காரர்களுக்கு ஃபோன் போட ஆரம்பிப்போம் இல்லையா, அந்தச் சாதாரணம்.

“உள்ள புண்ணு பெருசா இருக்குதும்மா. சதை கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன். கேன்சரா இல்லையான்னு பத்து நாள்ல தெரிஞ்சிடும். அதுவரைக்கும் டென்ஷனே ஆகக் கூடாது. என்னா டென்ஷன் உங்களுக்கு?”

பானுமதி விரல் விட்டு எண்ணினாள். இரண்டு கையும் முடிந்து, ராஜ்மோகனின் விரல்களையும் கடன் வாங்கினாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். “இதுல ஒண்ணுகூட உங்க வூட்டுது இல்லையேம்மா. எல்லாத்தையும் எறக்கி வைங்க.”

“எங்க சார் எறக்கறது?” என்றாள் பானுமதி.  டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

எங்கே இறக்குவது என்று மறுநாள் அவளே கண்டுபிடித்தாள். ஊருக்கு வெளியே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் என்று ஒரு முருகன் இருக்கிறார். தீராத வழக்கு, திருட்டுப் போன நகை, ஏமாற்றின பங்காளி என்று எதுவானாலும் ஜனங்கள் அவருக்கு மனு எழுதுவார்கள். பிராது என்று பேர். சாமி முன்னால் வைத்துப் பூஜை செய்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரித்துத் தீர்ப்பார். குறை தீர்ந்ததும் கட்டினவர் திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும். எழுத வராதவர்களுக்குக் கோயிலுக்கு வெளியே பூ விற்கும் செல்வநாயகி எழுதிக் கொடுப்பாள். பானுமதிக்கு எழுத வரும். ஆனால் அன்று எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவளிடமே போனாள்.

“எதிராளி யாரு?” என்றாள் செல்வநாயகி, வெள்ளைத்தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு.

“எதிராளின்னு யாரும் இல்லைங்க. கவலைதான்.”

“எத்தினி?”

பானுமதி சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பாரி விமானம், கோவிந்தசாமி சூளை, மாடு, வழுக்கைத் தலை மாப்பிள்ளை. தாள் நிறைந்து பின்பக்கம் போயிற்று. இருபத்தாறில் நின்றது. “யம்மாடி, இது பிராது இல்ல, ரேஷன் கார்டு லிஸ்ட்டு” என்று செல்வநாயகி கையை உதறினாள். பானுமதி அதைச் சுருட்டி வேலில் கட்டினாள். கட்டின கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தோளிலிருந்து என்னவோ கழன்ற மாதிரி இருந்தது. இங்கேதான் அவளுக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது.

சாயங்காலம் திரௌபதி வழக்கம்போல வந்தாள். “பானு, எம் புள்ள ரெண்டு நாளா ஃபோனே பண்ணல…”

“அக்கா, அதப் பத்தி நான் பேசக் கூடாது.”

“ஏன்டி?”

“கேஸு நடக்குது. சாமிகிட்ட பைல் ஆயிடுச்சு. கோர்ட்டுல இருக்குற விஷயத்துல நாம வெளிய கவலப்படக் கூடாது. தப்பு.”

 சட்டம் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவது? திரௌபதி கவலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வாழ்க்கையில் முதல்முறையாக அது அவள் கையிலேயே இருந்தது, எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பால்காரரைத் திட்டினாள். கிரைண்டரில் அரிசியே போடாமல் ஓடவிட்டாள். காலையில் கண் இரண்டும் வீங்கி வந்து நின்றாள்.

நான்கு நாளில் தெருவே தலைகீழானது. பழக்கமில்லாத வேலையைச் செய்தால் இடுப்புப் பிடித்துக்கொள்கிற மாதிரி, பழக்கமில்லாமல் கவலைப்பட்டவர்களுக்கு ஒருத்தருக்குத் தலை சுற்றியது, ஒருத்தருக்குப் பேதி. மாட்டுக்காரர் மாட்டோடு தானும் தண்டவாளம் வரைக்கும் போய் சிக்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பானுமதி மட்டும் காலை ஏழு மணிவரை தூங்கினாள்.

அப்போதுதான் சூளை நாள் வந்தது. நாற்காலி போட்டார்கள். பானுமதி அதில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

“பானும்மா, கவலப்படு!” கோவிந்தசாமி கெஞ்சினார்.

“பிராதுல ரெண்டாம் நம்பருங்க மொதலாளி உங்க சூளை. கேஸுல இருக்குது.”

மனிதர் தானே கவலைப்பட்டாக வேண்டியதாயிற்று. சூளையைச் சுற்றி நடந்தார். காதை வைத்துக் கேட்டார். உள்ளே என்ன ஆயிற்றோ என்று பொறுக்க முடியாமல், ஆறுவதற்கு முன்னாலேயே கதவைத் திறந்துவிட்டார். குளிர்காற்றுப் பட்டதும் உள்ளேயிருந்த ஃபியூஸ் கட்டைகள் பட் பட்டென்று வெடித்தன. பாதி லோடு போயிற்று. இத்தனை வருஷமாக அந்தச் சூளையைக் காப்பாற்றியது பானுமதியின் கவலை இல்லை, அவள் இருக்கிறாள் என்று அவர் உள்ளே போய்த் தூங்கியதுதான் என்பது அந்த மனிதருக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. “பாத்தியா, நீ கவலப்படாததுனால வெடிச்சிருச்சு” என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தெருக்காரர்கள் கூடிப் பேசி, பானுமதியிடம் பாடம் கேட்க வந்தார்கள். எங்க கவலையை நீ படவேண்டாம், எப்படிப் படறதுன்னு மட்டும் சொல்லிக் குடு என்றார்கள். பொதுவாகச் சொல்வதில் கோர்ட் அவமதிப்பு இல்லை என்று பானுமதியும் ஒத்துக்கொண்டாள்.

“மொதல்ல சின்னதா ஆரம்பிக்கணும். ஃபோனு எடுக்கலன்னு வைங்க. சார்ஜ் எறங்கியிருக்கும்னு நெனைக்கக் கூடாது, அதோட முடிஞ்சிடும். ஃபோனு ரோட்டுல கெடக்குதுன்னு நெனைக்கணும். அப்புறம் செருப்பு.”

“ஐயோ, எந்தச் செருப்பு?” என்று திரௌபதி கண்ணில் தண்ணீர் விட்டாள்.

“அதான்க்கா. உனக்கு வந்துடுச்சு” என்றாள் பானுமதி.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவே ராஜ்மோகன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன். “எல்லாம் சரியாயிடும்” என்ற ஒரே வாக்கியத்தில் இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவன். டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஆட்டோவைத் தேய்த்தான். பின்னால் எழுதியிருந்த பேர் அழிந்துபோனது. சவாரி வந்தாலும் “ஈரமா இருக்குதுங்க” என்று திருப்பி அனுப்பினான். பானுமதி அதைப் பார்த்தாள், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் திடீரென்று கை நின்றது. மனசுக்குள் பிராதை ஒன்றிலிருந்து இருபத்தாறுவரை ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஓட்டினாள். மாடு இருந்தது. வழுக்கைத் தலை இருந்தது. அவள் வயிறு இல்லை. அடக் கடவுளே, எதற்காகக் கோயிலுக்குப் போனாளோ அதை எழுத மறந்திருந்தாள். நாளை மறுநாள் ரிசல்ட். அந்த ஒன்று மட்டும் கேஸில் இல்லை, அவளிடமே இருந்தது.

சரி, நம்முடையதை நாம்தானே பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்து கவலைப்பட முயன்றாள். பதினைந்து வருஷத்துக் கைகாரி, வரவில்லை! கேன்சர் என்றால் என்று ஆரம்பித்தாள். உடனே, இவருக்கு யார் சோறு போடுவார்கள் என்று போயிற்று. செத்துப்போனால் என்று ஆரம்பித்தாள். செக்கிங்குக்கு யார் வருவார்கள், விரிசலையெல்லாம் விட்டுவிடுவார்களே என்று போயிற்று. எங்கே தொடங்கினாலும் அடுத்தவர் வீட்டில் போய் முடிந்தது. தன்னை நினைத்துப் பயப்படுவதற்கு அவளுக்கு வழியே தெரியவில்லை.  வீட்டுக்குப் போய், டெஸ்ட் விஷயத்தைத் திரௌபதியிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். திரௌபதி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாள். திரௌபதி பேசாமல் போனதே ஒரு அதிசயம்.

ஒன்பதாம் நாள் காலை பானுமதி மணவாளநல்லூருக்குப் போனாள். செல்வநாயகி மாலை கட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு பிராது எழுதணுங்க. வயிறு சம்பந்தமா.”

செல்வநாயகி நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். “பானுமதி, க/பெ ராஜ்மோகன். அந்த வயிறா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியுமாவா? நேத்து சாயங்காலத்துலேர்ந்து அதைத்தான எழுதிகிட்டு இருக்கேன். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரா வராங்க. ஒரு அம்மா மூக்கச் சிந்திகிட்டே சொல்லிச்சு. சூளைக்காரர் ஒருத்தர் விக்கி விக்கி அழுததுல ரெண்டு தாளு வீணாப் போச்சு. மாட்டப் புடிச்சிகிட்டே ஒருத்தர் வந்தாரு. இதோட பதினோரு பேரு. என்னாம்மா, உங்க தெருவுல எல்லாருக்கும் சேத்து ஒரே வயிறா?”

பானுமதி விரல் விட்டுப் பதினொன்றை எண்ணிப் பார்த்தாள்.

“அதுல மொதல் ஆளு நேத்து வரல. நீ இருபத்தாறு எழுதினியே, அதுக்கு மொத நாளே ஒரு ஆட்டோக்காரர் வந்தாரு. டெஸ்ட்டு எடுத்துட்டு, உன்ன வூட்டுல எறக்கிவுட்டுட்டு நேரா வரேன்னாரு. நானே எழுதறேன்னு பேனாவ வாங்கி, மேல உம் பேரப் போட்டு ஒரே வரி எழுதினாரு. ‘இவள எங்கிட்டேர்ந்து எடுத்துக்காத.’ அவ்வளவுதான். மரியாதையில்லாம எழுதறீங்களே, சாமி இல்லையான்னு கேட்டேன். அப்புறம் கீழ ‘ங்க’ன்னு தனியா சேத்துட்டுப் போனாரு.”

பானுமதி பூக்கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தில் அழவில்லை. நாற்பத்தாறு வயதில் முதல்தடவையாகத் தனக்காக யாரோ பயந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது, அந்தச் சந்தோஷம் தாங்காமல் அழுதாள். செல்வநாயகி அழவிட்டாள், பிறகு ஒரு முழம் மல்லிகையை அவள் தலையில் வைத்துவிட்டு, “பன்னெண்டாவதா நீ வேற எதுக்கு? போய்ச் சாப்புடு” என்று அனுப்பினாள்.

பத்தாம் நாள் கிளினிக்கில் தெருவே உட்கார்ந்திருந்தது. அத்தனை பேர் முகமும் பேயறைந்த மாதிரி இருந்ததால் நர்ஸுக்கு யார் பேஷண்ட் என்று புரியவில்லை. கோவிந்தசாமிக்குப் பிரஷர் பார்த்து, பார்த்த மாத்திரத்தில் அவரைப் படுக்க வைத்துவிட்டாள். பானுமதி ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கூப்பிட்டார். படித்தார். “கேன்சர் இல்லம்மா. கிருமிதான், புண்ணு. ரெண்டு வாரம் மாத்திரை போடுங்க.”

ராஜ்மோகன் வழக்கமான வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தான். “எல்லாம் சரி…” என்றவன் அங்கேயே உடைந்துபோய் மேஜைமேல் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். வெளியே செய்தி போனதும் திரௌபதி போட்ட சத்தத்தில், பல் பிடுங்க வந்த ஒருவர் எழுந்து ஓடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து மணவாளநல்லூருக்குப் போய்ப் பதினோரு பிராதையும் வாபஸ் வாங்கினார்கள். எல்லாம் முடிந்ததும் கோவிந்தசாமி தொண்டையைச் செருமினார்.

“பானும்மா, அப்படியே உன்னுதையும் வாபஸ் வாங்கிடு. அடுத்த வாரம் சூளை போடணும்.”

அத்தனை முகமும் ஆசையோடு அவளையே பார்த்தது. இருபத்தாறும் திரும்பி வரப்போகிறதென்று சந்தோஷம்! பாவம், நல்லவர்கள்தான், அவளுக்காக அழுதவர்கள்தான். ஆனாலும் பாருங்களேன். பானுமதிக்கு வாய்வரைக்கும் ‘சரிங்க’ வந்துவிட்டது. பதினைந்து வருஷத்துப் பழக்கம், லேசில் போகுமா? ராஜ்மோகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அதுவரை நாலு பேர் முன்னால் அவன் அவள் கையைப் பிடித்ததே இல்லை.

“வாங்க மாட்டேங்க மொதலாளி” என்றாள் பானுமதி. “உங்க சூளைக்கு நீங்களே தனியா ஒரு பிராது கட்டிக்கங்க. கட்டிட்டுப் போய்த் தூங்குங்க. கதவ மட்டும் தொடாதீங்க.”

“அப்ப எங்களுக்கு?” என்றாள் திரௌபதி. “எம் பொண்ணு வெண்பாவுக்கு அடுத்த வாரம் பிரசவம்டி. தலை திரும்பலன்னு சொல்றாங்க. யார்கிட்டடி நான் சொல்லுவேன்?”

“எங்கிட்டதான்க்கா. முழுசா சொல்லு, கேக்கறேன். கேட்டு முடிச்சதும் நீயே எடுத்துகிட்டுப் போயிடணும். எங்கிட்ட வெச்சிட்டுப் போவக் கூடாது.”

ஆட்டோவில் வீடு வரும்வரைக்கும் திரௌபதி சொன்னாள். பானுமதி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். இறங்கின திரௌபதி கையை வீசிக்கொண்டு நாலு அடி நடந்தாள், நின்றாள், திரும்பினாள். பானுமதி தலையை ஆட்டினாள். “ஆமா, என்னுதுதான” என்று முணுமுணுத்துக்கொண்டே திரௌபதி தன் வீட்டுக்குள் போனாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் திரௌபதி கதவைத் தட்டினாள். கையில் சர்க்கரைக் கிண்ணம். கண் சிவந்து, தலை கலைந்து, ஆனால் முகத்தில் அப்படி ஒரு கர்வம்.

“பொண்ணு பொறந்திருக்குது பானு! ராத்திரி பூரா நானே கவலப்பட்டேன்டி. ஒத்த ஆளா!”

“அப்படியாக்கா?” என்றாள் பானுமதி. அவள் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தாள்.